தமிழ் வகுப்பில் எண்களுக்கு என்ன வேலை?

கேள்வி: மொரீஷியஸின் நடுமேட்டுப் பகுதியில் உள்ள ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். 4, 5, 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் படிக்கிறார்கள். கணக்குப் பாடத்தில் மட்டுமல்லாமல் எல்லாப் பாடங்களிலும் எண்திறனைப் பயன்படுத்த வேண்டும், அதை ஒவ்வொரு பாடக்குறிப்பிலும் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று எங்கள் தலைமையாசிரியர் இந்த ஆண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். 'முருகனுக்கு 12 கைகள். 5 சிலைகளுக்கு எத்தனை கைகள்?' என்பது போன்ற கணக்குகளைத் தமிழில் கொடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள், 'மிஸ், இது தமிழ் வகுப்புதானே?' என்று கேட்டார்கள். கணக்கு உட்படப் பொதுப்பாடங்களை நடத்தும் பொதுப்பாட ஆசிரியரோ, எண்களைத் தமிழிலும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்கிறார். எனக்கும் பள்ளி நாள்களிலிருந்தே கணக்கு என்றால் பயம். அடுத்த மாதம் ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கிறது. வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பிள்ளைகள் கேட்டது குறும்புக் கேள்வி அன்று. தலைமையாசிரியரின் வேண்டுகோளை நிறைவேற்ற முனையும் ஒவ்வொருவரும் முதலில் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. முருகனின் கைகளைப் பற்றிய கணக்கில் முருகனை எடுத்துவிட்டு நண்டையும் அதன் கால்களையும் வைத்தாலும் கணக்கு அப்படியே நிற்கும். அந்தப் பெருக்கலைச் செய்து முடித்த பிள்ளைக்கு முருகனைப் பற்றியோ தமிழைப் பற்றியோ புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. 12ஆம் வாய்பாட்டை ஒருமுறை கூடுதலாகச் சொல்லியிருக்கும், அவ்வளவுதான். அந்தப் பயிற்சியைக் கணக்கு ஆசிரியர் உங்களைவிட நன்றாகவே கொடுப்பார். ஒரு பாடத்தின் சொந்தக் கேள்விக்கு எண்ணோ அளவோ ஒப்பீடோ இல்லாமல் விடை கிடைக்காது என்ற இடம் வரும்போதுதான் எண்திறன் அந்தப் பாடத்திற்குள் நுழைய வேண்டும். அப்படி நுழையும்போது பிள்ளைகள் 'இது தமிழ் வகுப்புதானே' என்று கேட்க மாட்டார்கள். ஏனென்றால் அது தமிழ் வகுப்பாகவே இருக்கும்.

கணக்கு வகுப்பில் கற்றது போதாதா, ஏன் மற்றப் பாடங்களிலும் என்று உங்கள் சக ஆசிரியர்களில் சிலர் கூட்டத்தில் கேட்கக்கூடும். அவர்களுக்குச் சொல்லத்தக்க ஒரு பழைய ஆய்வு உண்டு. பிரேசிலின் ரெசிஃபே நகரில், தெருவில் தேங்காயும் பழங்களும் விற்கும் 9 முதல் 15 வயது வரையிலான சிறுவர் ஐவரிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்களாகச் சென்று விலை கேட்டார்கள். அந்தச் சிறுவர்கள் மனத்திலேயே போட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரியாக இருந்தன. பின்னர் அதே எண்களை வைத்து, பள்ளிக்கூடத்து முறையில் தாளில் எழுதிக் கொடுத்த வெறும் கூட்டல் கழித்தல் பெருக்கல்களில் அதே சிறுவர்கள் 37 விழுக்காடுதான் சரியாகச் செய்தார்கள். கதைக் கணக்குகளில் அது 74 விழுக்காடு. 1985இல் வெளியான இந்த ஆய்வைப் பலரும் பள்ளிக் கணக்கைக் குறைசொல்லப் பயன்படுத்துகிறார்கள். நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. ஓரிடத்தில் கைவந்த கணக்கு இன்னோரிடத்திற்குத் தானாக நடந்து போவதில்லை. யாராவது கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். தெருவிலிருந்து பள்ளிக்கு மட்டுமன்று, கணக்கு வகுப்பிலிருந்து வரலாற்று வகுப்புக்கும் இதே நிலைதான். 5ஆம் வகுப்பில் நான்கு இலக்கக் கழித்தலைத் தவறின்றிச் செய்யும் பிள்ளைக்கு, 1638இல் டச்சுக்காரர்கள் குடியேறி 1710இல் வெளியேறினார்கள் என்ற வரியைப் படிக்கும்போது 'அப்படியானால் 72 ஆண்டுகள்' என்று தோன்றுவதில்லை. அதைத் தோன்றச் செய்வதே உங்கள் தலைமையாசிரியர் கேட்பது. வேல்ஸ் நாட்டில் 2013 முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இதை எல்லாப் பாட ஆசிரியர்களின் பொறுப்பாகவே சட்டப்படி ஆக்கினார்கள். ஆகவே இது நம் தீவில் யாரோ திடீரென்று நினைத்துக்கொண்ட புதுமையும் அன்று.

இனி உங்கள் வகுப்பைப் பார்ப்போம். தமிழ் ஆசிரியர் கைவசம் வகுப்பறைச் சுவரிலேயே ஒரு சிறந்த கருவி தொங்குகிறது. அது உயிர்மெய் எழுத்து அட்டவணை. 18 வரிசைகள், 12 நெடும்பத்திகள், 216 கட்டங்கள். நாம் பெரும்பாலும் அதைக் க, கா, கி, கீ என்று வரிசை வரிசையாக ஓதவைக்கிறோம். வீட்டில் கிரியோலும், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கேட்டு வளரும் பிள்ளை அந்தச் சுவரைப் பார்த்து 216 எழுத்துகளா என்று மலைத்துப்போவது இயல்பு. அந்த மலைப்பைப் போக்குவதற்கு எண்தான் உதவும். 'இந்த 216ஐயும் எழுத, உண்மையில் எத்தனை வடிவங்களை நினைவில் வைத்திருக்க வேண்டும்?' என்று கேளுங்கள். அகர வரிசைக்குத் தனிக் குறி இல்லை. ஆகவே 18 எழுத்துகளும் 11 குறிகளும் சேர்த்து 29 என்று சில பிள்ளைகளாவது கண்டுபிடிப்பார்கள். உடனே வேறொரு பிள்ளை, 'கு, சு, மு எல்லாம் ஒரே மாதிரி இல்லையே' என்று சொல்லும். அந்த மறுப்பை வரவேற்றுக்கொள்ளுங்கள். உகர, ஊகரப் பத்திகள் இரண்டிலும் சேர்த்து 36 கட்டங்கள். அவற்றில் குறி எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. ஆகவே தனிக் கவனம் வேண்டியது அந்த 36க்குத்தான், மற்ற 180 கட்டங்களில் டி, டீ போன்ற ஓரிரு சிறு மாற்றங்கள் தவிர விதி ஒன்றே என்பது அவர்களுக்கே விளங்கிவிடும். இந்த உரையாடலில் பெருக்கல், கூட்டல், கழித்தல் மூன்றும் வந்துவிட்டன. ஆனால் பிள்ளை கற்றுக்கொண்டது தமிழ் எழுத்தைத்தான்.

அதே அட்டவணையில் ஒரு கட்டத்தைத் தாளால் மறைத்து, 'மகர வரிசை, ஓகாரப் பத்தி' என்று மட்டும் சொல்லி மறைந்த எழுத்தை எழுதச் சொல்லலாம். வரிசையும் பத்தியும் சந்திக்கும் இடத்தை விரலால் தேடும் அந்தச் செயல்தான், பின்னர் நிலவரைபடத்தில் ஊரைத் தேடுவதற்கும் பேருந்து நேர அட்டவணையைப் படிப்பதற்கும் வேண்டிய திறன். கூட்டத்தில் இந்த ஒன்றை மட்டும் நீங்கள் காட்டினாலே, தமிழ்ப் பாடம் எண்திறனுக்கு என்ன தர முடியும் என்ற ஐயம் மற்ற ஆசிரியர்களுக்கு இருக்காது.

பொதுப்பாட ஆசிரியரின் கவலையைப் புறந்தள்ளிவிடாதீர்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. எண்ணுப் பெயர்கள் இன்னும் சரளமாக வராத ஒரு மொழியில் பிள்ளையைக் கணக்குப் போடச் சொன்னால், அதன் கவனம் முழுவதும் சொல்லைத் தேடுவதிலேயே செலவாகிவிடும். கணக்கு தவறும், பிறகு தமிழ் மீதும் கணக்கு மீதும் ஒருசேர வெறுப்பு வரும். எனவே எண்களைக் கரும்பலகையில் இலக்கங்களாக எழுதுங்கள். பிள்ளை தனக்குப் பழகிய மொழியில் மனத்துக்குள் கணக்கிடட்டும். கிடைத்த விடையைத் தமிழில் ஒரு முழு வாக்கியமாகச் சொல்லட்டும். அவர் சொல்வதன் மறுபாதியை மட்டும் நான் ஏற்கவில்லை. பிரெஞ்சிலும் கிரியோலிலும் 77 என்பது அறுபதும் பதினேழும். 97 என்பது நான்கு இருபதுகளும் பதினேழும். தமிழிலோ எழுபத்தேழு என்ற பெயரிலேயே ஏழு பத்துகளும் ஓர் ஏழும் வெளிப்படையாக நிற்கின்றன. பதினொன்று, பதின்மூன்று என்பவற்றிலும் பத்து கண்முன் தெரிகிறது. இடமதிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு இந்தப் பெயர்கள் கைத்தடி போல உதவும். தொண்ணூறும் தொள்ளாயிரமும் இந்த ஒழுங்கிற்கு உட்படாமல் அடுத்த படியின் பெயரைத் தாங்கி நிற்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விதியைப் புரிந்துகொண்ட பிள்ளைகளுக்கு விலக்கும் நன்றாக நினைவில் தங்கும். நம் நாட்டு ரூபாய்த் தாள்களில் மதிப்பு தமிழ் எழுத்திலும் அச்சாகியிருப்பதைப் பல பிள்ளைகள் கவனித்ததே இல்லை. ரங்கநாதன் சீனிவாசன் அவர்களின் உருவம் தாங்கிய 100 ரூபாய்த் தாளை வகுப்பில் காட்டி, அதில் தமிழ் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னால், எண்ணுப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பயிற்சி தானாகவே நடந்துவிடும்.

அடுத்ததாக, நாம் காவடி என்றே அழைக்கும் தைப்பூசம். தைப்பூசம் நமக்கு அரசு விடுமுறை நாள். உங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதத்தைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அது ஏன் ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு தேதியில் வருகிறது என்று கேட்டால் பெரியவர்களிடமே தெளிவான விடை கிடைப்பது அரிது. 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தாமே கண்டறியலாம். 2024இல் தைப்பூசம் ஜனவரி 25. 2025இல் பிப்ரவரி 11. 2026இல் பிப்ரவரி 1. நாள்காட்டியை வைத்து இடைவெளியை எண்ணச் சொல்லுங்கள். 2024 லீப் ஆண்டு என்பதை மறக்காமல் எண்ணினால் முதல் இடைவெளி 383 நாள்கள், இரண்டாவது 355 நாள்கள் என்று வரும். இரண்டும் 365 இல்லை. அப்படியென்றால் இந்த விழா எதைப் பின்பற்றுகிறது? ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, 355ஐயும் 383ஐயும் அதனால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று 12 பௌர்ணமிகள், மற்றொன்று 13 பௌர்ணமிகள் என்று தெரிந்ததும் வகுப்பில் எழும் ஆரவாரத்தை நீங்களே காண்பீர்கள். பிறகு 'காவடி ஏன் நாள் மாறுகிறது' என்று ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொன்னால், எழுதுவதற்கு அவர்களிடம் உண்மையான செய்தி இருக்கும். கட்டுரை எழுதச் சொன்னதும் பிள்ளைகள் திகைத்து உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் சொல் பற்றாக்குறையால் அன்று, சொல்ல எதுவும் இல்லாததால்தான் என்பது என் நீண்டகாலக் கருத்து.

செய்முறை எழுதும் பாடத்திற்கு, நம் விழாக்களில் வாழையிலையில் பரிமாறும் ஏழு கறி விருந்து மிகப் பொருத்தமானது. வீட்டில் ஆறு பேருக்குப் பூசணிக்காய்க் கறி செய்வதற்கு என்னென்ன எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளையும் கேட்டு வரட்டும். அந்த அளவுகளை வைத்து வகுப்பிலுள்ள எல்லாருக்கும் செய்வதற்கான பட்டியலை எழுத வேண்டும் என்பதே வேலை. 24 பேர் என்றால் நான்கு மடங்கு. 20 பேர் என்றால் மூன்று மடங்குக்கும் சற்று மேல். அங்கேதான் உத்தேசமாக மதிப்பிடுவது என்றால் என்ன என்று பேச வேண்டியிருக்கும். உப்பையும் மிளகாயையும் கணக்குப்படி அப்படியே பெருக்கலாமா என்று பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். சுவைத்துப் பார்த்துத்தான் போட வேண்டும் என்றே பெரும்பாலான பாட்டிகள் சொல்வார்கள். கணக்கின் விடையை அப்படியே ஏற்காமல் 'இது பொருந்துமா' என்று பார்க்கும் பழக்கம் அதிலிருந்து தொடங்கும். தமிழுக்கும் இதில் பெரும் ஆதாயம் உண்டு. கால் கிலோ, அரைக் கிலோ, முக்கால் கிலோ, ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றே முக்கால் என்று பின்னங்கள் பேச்சில் இயல்பாகப் புழங்கும் முறையைப் பிள்ளைகள் பயிற்சிப் புத்தகத்திலிருந்து கற்பதைவிட இப்படிக் கற்பது எளிது.

மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளலாம். பல்லாண்டுகளாக நமக்குப் பழகிய நான்கு நிலை எச்சரிக்கை முறையில் எண்ணும் நேரமும்தான் செய்தியின் உயிர். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும் என்ற நேரத்திற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பு முதல் நிலை. இயன்றவரை 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி இரண்டாம் நிலை. 6 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி மூன்றாம் நிலை. அந்த வேகம் பதிவாகி, தொடரும் என்ற நிலையில் நான்காவது. 'பகல் வெளிச்சம்' என்ற சொல்லில் வகுப்பை நிறுத்துங்கள். ஜனவரியில் பொழுது காலை சுமார் 5:45 மணிக்குப் புலர்ந்து மாலை 7 மணியளவில் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நிலை எச்சரிக்கை மாலை 4 மணிக்கு வந்தால், 12 மணி நேரப் பகல் எப்போது முடியும்? அன்று 3 மணி நேரம். மீதி 9 மணி நேரம் மறுநாள் விடியலிலிருந்து எண்ணினால் பிற்பகல் 2:45. அவசரப்படும் பிள்ளை 'விடியற்காலை 4 மணி' என்று சொல்லிவிடும். செய்தியைச் சரியாகப் படிக்கவில்லை என்பதை இங்கே கணக்கே காட்டிக்கொடுக்கிறது. விடியல், முற்பகல், பிற்பகல், அந்தி, மறுநாள் ஆகிய சொற்களுக்கும் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கோலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; நேர்ப்புள்ளி 7இல் தொடங்கி இருபுறமும் 1இல் முடியும் கோலத்திற்கு 25 புள்ளிகள் என்று பிள்ளைகளே எண்ணிவிடுவார்கள். தமிழ் வகுப்பில் செய்ய வேண்டியது, ஒரு பிள்ளை திரும்பி நின்று வாயால் வழி சொல்ல இன்னொரு பிள்ளை போடுவது. நடுப்புள்ளி, இடப்புறம், எதிர்ப்புறம், மூன்றாம் வரிசை என்ற சொற்கள் இல்லாமல் அந்தக் கோலம் முடியாது.

ஆசிரியர் கூட்டத்தில் மற்றப் பாடங்களைப் பற்றியும் நீங்கள் பேச வேண்டியிருக்கும் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். இவற்றுள் நான் மிகவும் மதிப்பது வரலாற்றுக்கான காலப்பட்டை. நூறாண்டுக்கு ஒரு மீட்டர், அதாவது ஓராண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் ஒரு நீண்ட தாள்பட்டையைச் சுவரில் ஒட்டுங்கள். டச்சுக் காலம் 1638 முதல் 1710 வரை, 72 சென்டிமீட்டர். பிரெஞ்சு ஆட்சி 1715 முதல் 1810 வரை, 95 சென்டிமீட்டர். பிரித்தானிய ஆட்சி 1810 முதல் 1968 வரை, 158 சென்டிமீட்டர். புத்தகத்தில் மூன்றும் ஒவ்வொரு பாடமாக ஒரே அளவில் தோன்றும். சுவரில்தான் ஒன்று மற்றொன்றைவிட இரு மடங்குக்கும் மேல் நீண்டிருப்பது கண்ணில் படும். இந்தப் பட்டையில் தமிழ் ஆசிரியருக்கென்று ஒரு பணி காத்திருக்கிறது. அட்லஸ் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்த 2 நவம்பர் 1834 என்ற நாளை எல்லாப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆகவே தமிழர் இத்தீவுக்கு வந்ததும் அன்றுதான் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 1735இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற லா பூர்தொனேயின் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களும் கைவினைஞர்களும் போர்ட் லூயி நகரைக் கட்டுவதற்காக இங்கே வந்துவிட்டார்கள். 1735க்கும் 1834க்கும் இடையே பட்டையில் 99 சென்டிமீட்டர். ஒரு பிள்ளை இரு கைகளையும் விரித்து அந்த இடைவெளியை அளந்து பார்க்கும்போது அதன் முகத்தில் வரும் மாற்றத்தைப் புத்தகத்தின் எந்த வரியாலும் உண்டாக்க முடியாது.

புவியியலுக்கு மூன்று மலைகள் போதும். பித்தோன் தெ லா பெத்தித் ரிவியேர் நுவார் 828 மீட்டர், பீட்டர் போத் 820 மீட்டர், லெ பூஸ் 812 மீட்டர். இவற்றைப் பட்டை வரைபடமாக இருமுறை வரையச் சொல்லுங்கள். ஒருமுறை அச்சு 0இல் தொடங்கட்டும், மறுமுறை 800இல் தொடங்கட்டும். முதல் படத்தில் மூன்று மலைகளும் ஏறத்தாழச் சமம். இரண்டாம் படத்தில் முதல் மலை மூன்றாம் மலையைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கும். இரண்டு படங்களிலும் எண்கள் சரியே. நாளிதழிலும் விளம்பரத்திலும் தேர்தல் காலத்திலும் வரும் படங்களைப் பார்க்கும்போது அச்சு எங்கே தொடங்குகிறது என்று முதலில் கவனிக்கும் பழக்கத்தை 10 வயதிலேயே உண்டாக்கிவிட்டால், அது வாழ்நாள் முழுவதும் அந்தப் பிள்ளையை ஏமாற்றத்திலிருந்து காக்கும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பெரியவர்களாகிய நாமே இதில் அடிக்கடி தவறுகிறோம்.

அறிவியலில், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர் என்ற உறவிலிருந்து தொடங்கலாம். 200 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர். ஆண்டின் இறுதி மாதங்களில் குழாயில் தண்ணீர் நிற்பதையும் மாடியில் உள்ள தொட்டி காலியாவதையும் கண்ட பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கின் பொருளை விளக்க வேண்டிய தேவையே இல்லை. தம் வீட்டுத் தொட்டி எத்தனை மில்லிமீட்டர் மழையில் நிரம்பும் என்று அவர்களே கேட்பார்கள். உடற்பயிற்சி வகுப்பில் தாண்டிய தூரத்தை அளப்பதற்கு முன் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்லவைத்தால் போதும். எல்லாப் பாடங்களுக்கும் வலிந்து எதையாவது தேட வேண்டாம். சில வாரங்களில் சில பாடங்களில் எண்ணுக்கு இடமே இராது, அதில் குறையொன்றும் இல்லை.

கூட்டத்தில் இரண்டு செய்திகளில் மட்டும் எல்லாரும் உடன்பட்டாக வேண்டும் என்று வலியுறுத்துங்கள். மற்றப் பாடத்தில் பயன்படுத்தும் கணக்கு, கணக்கு வகுப்பில் ஏற்கனவே நன்றாகப் பழகியதாக இருக்க வேண்டும். ஒரு வகுப்புக் கீழே உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. தசமப் பின்னத்தை முதன்முதலாக வரலாற்று வகுப்பிலோ தமிழ் வகுப்பிலோ அறிமுகப்படுத்தினால் வரலாறும் போகும், தசமமும் போகும். ஆகவே மாதத் தொடக்கத்தில் பொதுப்பாட ஆசிரியரிடம், 'இந்த மாதம் பிள்ளைகளுக்கு எது நன்றாகக் கைவந்திருக்கிறது?' என்று ஒரு நிமிடம் கேட்டுக்கொள்வது உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. உங்கள் மீதான அவருடைய ஐயமும் அதனாலேயே குறையும். மற்றொன்று, எழுதும் முறை. வரைபடத்திற்குத் தலைப்பு இடுவது, அச்சுகளுக்குப் பெயர் எழுதுவது, எண்ணுக்குப் பின் அலகை எழுதுவது, கழித்தலைச் செய்யும் முறை ஆகியவை எல்லா வகுப்புகளிலும் ஒன்றாக இருக்கட்டும். ஓர் ஆசிரியர் அலகு எழுதாததைத் தவறென்று திருத்த, இன்னோர் ஆசிரியர் அதையே சரியென்று விட்டுவிட்டால், அலகு என்பது அந்த ஒருவருடைய விருப்பம் என்றே பிள்ளை புரிந்துகொள்ளும்.

உங்கள் பயத்தைப் பற்றி. நான் மேலே சொன்ன எதற்கும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலுக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் நாள் மாலை அமைதியாக உட்கார்ந்து விடையை நீங்களே ஒருமுறை போட்டு வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். 'எனக்குக் கணக்கு வராது' என்ற சொல்லை மட்டும் பிள்ளைகள் முன்னால் ஒருபோதும் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் 1, 2ஆம் வகுப்பு ஆசிரியைகளிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கணக்கு அச்சம் மிகுந்த ஆசிரியைகளிடம் படித்த சிறுமிகளில், கணக்கு ஆண்பிள்ளைகளுக்கே வரும் என்று நம்பத் தொடங்கியவர்களின் கணக்குத் தேர்ச்சி ஆண்டின் இறுதியில் குறைந்திருந்தது. சிறுவர்களிடம் இந்தப் பாதிப்பு காணப்படவில்லை. நீங்கள் பெண், தமிழ் ஆசிரியை, பிள்ளைகளின் அன்புக்குரியவர். நீங்கள் தயங்காமல் ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவதை உங்கள் வகுப்புச் சிறுமிகள் பார்ப்பது, கணக்கு ஆசிரியர் போடுவதைப் பார்ப்பதைவிட அவர்களுக்கு அதிகம் உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாடக்குறிப்பின் அந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு சொல். அதில் 'பெருக்கல்' என்றோ 'அளவிடல்' என்றோ எழுதாதீர்கள். பாடத்தின் கேள்வியையே எழுதுங்கள். 'காவடி ஏன் தேதி மாறுகிறது: நாள் இடைவெளிகளை எண்ணிக் கண்டறிதல்' என்று எழுதினால், பார்வையிட வருபவருக்கும் ஆண்டுக் கடைசியில் உங்களுக்கும் அது பயன்படும். எழுதத் தகுந்தது எதுவும் இல்லாத வாரத்தில் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடலாம் என்ற இசைவைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை உண்மையான ஒரு கேள்வியை எடுத்து முழுமையாகச் செய்வதாக அவரிடம் சொல்லுங்கள். முதல் தடவைக்கு எழுத்து அட்டவணையையே எடுத்துக்கொண்டு, அந்த வகுப்பைப் பார்க்க அவரையும் பொதுப்பாட ஆசிரியரையும் அழையுங்கள்.